ரிட்டையர் ஆயாச்சு, இனி என்னங்க?

கேள்வி: பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேனுங்க. பணக்கவலை இல்லை. ஷிப்டுக்குப் போன உடம்பு விடியும் முன்னே எழுந்துகொள்கிறது. அப்புறம் பகல் முழுக்க வெசனம்தான். கோவில், வாக்கிங் எல்லாம் பார்த்தாச்சுங்க. (பீளமேடு வாசகர்)

பதில்: கோவிலுக்கு நீங்கள் போகாவிட்டால் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கப்போவதில்லை. மில்லில் நீங்கள் வராத அன்று ஒரு மெஷின் நின்றது. அப்படி யாராவது உங்களை எதிர்பார்க்கிற வேலையாகப் பாருங்கள். கையில் தொழில் இருக்கிறதே! வாரம் இரண்டு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணிவரை, தெருக்காரர்களின் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் பார்த்துக் கொடுங்கள்.

ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், மின்கசிவு பார்க்கிற மெக்கர் போதும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கண்டென்சரைப் பாருங்கள். சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். மிக்ஸியில் மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால், ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். தீப்பொறி பறந்து விட்டுவிட்டு ஓடினால் கார்பன் பிரஷ். மாவு இறுகியதும் கிரைண்டர் டிரம் நின்றுபோனால் பெல்ட் தொய்வு. எதையும் திருப்பிக் கொடுக்குமுன் ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் லைன், நியூட்ரல் பின்களுக்கும் (எர்த் பின் அல்ல) உலோக பாடிக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் போடுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் உள்ளே ஈரம் இருக்கும், அல்லது இன்சுலேஷன் கெட்டிருக்கும். ஈரத்தரையில் நின்றுகொண்டு மாவாட்டுகிற வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பக் கூடாது.

இந்த ஏற்பாடு எங்கே கெடும் என்றால், இலவசம் என்றதும் வீடு காயலான் கடையாகிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து பொருள்தான் என்று நோட்டில் எழுதி வாங்குங்கள். கூலி வேண்டாம், ஆனால் உதிரி பாகத்தை அவர்களே வாங்கி வரட்டும். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ரீவைண்டிங் மட்டும் தொடாதீர்கள், அதைப் பக்கத்து வைண்டிங் கடைக்கே அனுப்பிவிடுங்கள். அது அவர் பிழைப்பு. அதில் கைவைத்தால் தெருவில் ஒரு பகைதான் மிஞ்சும்.

ஐ.டி.ஐ. படிக்கிற பையன் யாராவது இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதோடு அவனை நிறுத்தினால் மூன்றாவது வாரம் வரமாட்டான். முதல் நாளே கப்ளரை அவன் கையாலேயே கழற்றட்டும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச வகுப்பு எடுக்கிறேனுங்க. இருபது பேர் வந்தது நாலு பேராகிவிட்டது. மனசு விட்டுப்போச்சுங்க. (கோபிசெட்டிபாளையம் வாசகி)

பதில்: மூன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்தால் அது இன்னொரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் அங்கேயிருந்துதான் தப்பித்து வந்திருக்கிறார்கள்! மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எட்டுப் பேர் போதும். ஒவ்வொருவரும் தினம் ஐந்து நிமிடம் வாய்விட்டு வாசித்தால் நாற்பது நிமிடம் ஆகிறது; ஒரு மணி நேரத்தில் அதற்குமேல் தாங்காது.

முதல் நாள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். சரளமாக வாசிப்பவர், எழுத்துக் கூட்டுபவர், எழுத்தே தடுமாறுபவர் என்று மூன்றாகப் பிரியும். அதன்படி உட்காரவையுங்கள், வகுப்புப்படி வேண்டாம். 'கெ'வும் 'கே'யும், 'கொ'வும் 'கோ'வும் குழம்புகிற பிள்ளைக்கு அந்த வாரம் அது மட்டுமே. கதையைப் பாதியில் நிறுத்துங்கள், மிச்சம் நாளைக்கு. வீட்டுப்பாடம் முடித்துத் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். ஒருமுறை ஒத்துக்கொண்டால் அப்புறம் அதுதான் உங்கள் வேலை.

கேள்வி: அவர் ரிட்டையர் ஆனதிலிருந்து சமையலறையிலேயே நிற்கிறாருங்க. வெங்காயம் நறுக்குவதில்கூடக் குற்றம். (ஈரோடு வாசகி)

பதில்: மேற்பார்வை பார்த்தே பழகியவரிடம் ஒரு வேலையை முழுசாக விட்டுவிடுங்கள். வாரக் காய்கறிக் காசை மொத்தமாகக் கையில் கொடுத்து, விடிகாலையில் சம்பத் நகர் உழவர் சந்தைக்கு அனுப்புங்கள். என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, கணக்கு எல்லாம் அவர் பாடு. முதல் இரண்டு வாரம் முற்றிய வெண்டைக்காய்தான் வரும். ஒன்றும் சொல்லாதீர்கள், அதையே பொரியல் வைத்து அவருக்கே முதலில் பரிமாறுங்கள். வெண்டையை வாங்குமுன் நுனியை ஒடித்துப் பார்க்கத் தானே கற்றுக்கொள்வார்.