ராகி ஆரணிக்குப் போன பிறகு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். மார்கழியில் பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே சிமெண்டுச் சாக்கில் கட்டிப் போட்டிருந்த மூன்று பெட்டை நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி எடுத்து வந்தார்கள். இரண்டு அன்றிரவே குளிரில் போய்விட்டன. மிஞ்சியதை என்னிடம் கொடுத்தார்கள். 5 வாரக் குட்டி, ராகி என்று பெயர் வைத்தோம். நல்ல வீடு கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுப்பது என்றுதான் பேச்சு. இதற்கு முன்னும் இரண்டு குட்டிகளை அப்படிக் கொடுத்திருக்கிறேன். அழுவேன், இரண்டு நாளில் சரியாகிவிடும். இந்த முறை 6 வாரம் வைத்திருந்து ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பத்துக்குக் கொடுத்து 12 நாளாகிறது, எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

போன வாரம் வீடியோ அனுப்பினார்கள். தறிக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்குகிறாள். சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பதில்கூடப் போடவில்லை. என் மகளுக்கு எட்டு வயது. "என்னையும் யாருக்காச்சும் குடுத்துடுவியாம்மா?" என்று கேட்டாள். அவர், "வச்சுக்கலாம்னா வச்சுக்க, இல்லன்னா இந்த வேலையே வேணாம்" என்கிறார். பற்று வைக்காமல் வளர்க்க வழி இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மகளின் கேள்வி. மற்றவை பொறுக்கும், அது பொறுக்காது.

"சீச்சி, அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டில் படுத்துத் தூங்கிய ஒரு ஜீவனை அம்மா வண்டியில் ஏற்றி அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வேலூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கி, அறையிலேயே பொங்கித் தின்று, குணமானதும் ரயிலேறிப் போகிறார்களே, அவர்களை அவள் பார்த்திருப்பாள். ராகி அப்படி உடம்பு தேற வந்தவள், நீ இந்த வீட்டில் பிறந்தவள் என்று சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, அவள் கேட்கிறபோதெல்லாம் சொல்லுங்கள். இன்னொரு குட்டி வருமானால், வந்த அன்றே "இது போகும்" என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். என்ன சாப்பிடுகிறது, குக்கர் விசிலுக்கு எங்கே ஓடி ஒளிகிறது, எந்த இடத்தில் சொறிந்தால் கண்ணை மூடுகிறது என்று அவளே எழுதட்டும். குட்டி போகிற அன்று அந்த நோட்டைப் புதுவீட்டார் கையில் அவளே கொடுக்கட்டும். என் அண்ணன் பிள்ளைகள் அப்படிச் செய்தவர்கள். அழுதார்கள். ஆனாலும் தங்களைக் கேட்காமல் யாரோ எதையோ பிடுங்கிக்கொண்டு போனது போன்ற திகைப்பு அவர்கள் முகத்தில் இல்லை.

இனி உங்கள் கேள்வி. பற்று வைக்காமல் வளர்க்க வழி இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நாய்க்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3ஆம் வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் மனிதக் கையையும் குரலையும் அறியாத குட்டி வளர்ந்தபின் ஆளைக் கண்டாலே மிரளும், மிரட்சியில் கடிக்கவும் செய்யும். ராகி உங்களிடம் இருந்தது 5ஆம் வாரத்திலிருந்து 11ஆம் வாரம் வரை. ஆரணியில் புது ஆட்களுக்கு நடுவே, தறிச் சத்தத்தில், 12 நாளுக்குள் சுருண்டு தூங்குகிறாள் என்றால் அந்தத் துணிச்சலை அவளுக்குப் பழக்கியவர் நீங்கள். சாக்கில் கட்டி எறிந்ததும் மனிதக் கைதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல், தட்டை வைத்துவிட்டு நகர்ந்திருந்தால் அவள் யாரையும் நம்பியிருக்க மாட்டாள். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்திருக்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் நடுவே சுரக்கிற அதே ஹார்மோன். 6 வாரம் அது உங்களுக்குள் ஊறியிருக்கிறது. 12 நாளில் எப்படி வற்றும்?

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பல வருடம் முன்பு செம்பி என்ற குட்டியை குடியாத்தம் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தேன். வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை, பேச்சை நம்பினேன். ஒரு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. பாசம் படுத்துகிறது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனால், மோட்டார் கொட்டகையில் லாரிக் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. சொறி பிடித்து, கழுத்தில் கயிறு அறுத்த புண். அன்றே தூக்கி வந்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க என்னை அரித்தது சந்தேகம். அதைப் பாசம் என்று தப்பாகப் படித்திருந்தேன். இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் வலிக்கின்றன. சந்தேகத்துக்கு வேலை செய்து தீர்வு காணலாம். நேரில் போய் வீட்டைப் பார்க்கலாம். நாய் ராத்திரி எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பெட்டை என்பதால் ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வார்களா என்று வெட்கப்படாமல் கேட்கலாம். உங்கள் வீட்டு வாசனையுள்ள பழந்துணியைக் கூடவே அனுப்பலாம், முதல் வாரம் பழைய சாப்பாட்டையே போடச் சொல்லலாம். இதெல்லாம் செய்தபின்னும் மிச்சமிருப்பது வெறும் பிரிவு. அதற்கு நான் மருந்து கண்டதில்லை. தட்டைக் கழுவி எடுத்து வைப்பேன், நாலு நாள் மாலையில் கோட்டை அகழி ஓரமாக நடப்பேன், அழுகை வந்தால் அழுவேன்.

பொறாமைக்காக உங்களையே வெறுக்காதீர்கள். இப்படி வளர்த்துக் கொடுக்கிறவளை 'ஃபாஸ்டர்' என்கிறோம், அவளுக்கு நம் மொழியில் ஏற்கெனவே பெயர் உண்டு: செவிலி. சங்கப் பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் காதலனோடு போய்விட்டாள் என்று தெரிந்ததும் பாலை வழியில் தேடிப் போய், எதிரே வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கிறவள் வளர்த்தவள்தான். பிறகு மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, நன்றாக இருக்கிறாள் என்று பெற்றவளிடம் சொல்கிறவளும் அவளே. அந்த வீட்டு வாசலில் அவளுக்கும் கொஞ்சம் நெஞ்சு எரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்களவர் சொன்ன "வச்சுக்கலாம்" தப்பான யோசனை இல்லை. நானும் ஒன்றை வைத்துக்கொண்டேன். பார்வை போன கிழ நாய், நாலு மாதமாகியும் கேட்டு யாரும் வரவில்லை. அவள் இருந்த இரண்டு வருடமும் குட்டி எதையும் பக்கத்தில் விடவில்லை, அதனால் வேறெதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வருத்தமில்லை. ஆனால் நாட்டு நாய் 12, 15 வருடம் வாழும். வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதமா, மாதச் செலவு எவ்வளவு என்ற கணக்கைக் குட்டி வருவதற்கு முன்பே போட வேண்டும். கொடுக்கிற அன்று அழுகையை நிறுத்துவதற்காக வைத்துக்கொள்ளக் கூடாது. ராகி விஷயத்தில் இனி அந்தப் பேச்சு வேண்டாம். அவள் அங்கே ஒட்டத் தொடங்கிவிட்டாள்.

விடுவதா தொடர்வதா என்பதை இந்த மாசியில் முடிவு செய்யாதீர்கள். தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் கூடி, 63 நாள் சுமந்து, பனிக்காலத்தில் ஈனுகின்றன. அடுத்த குட்டிக் கூட்டம் வர இன்னும் பல மாதம் இருக்கிறது. நடுவில் யார் போன் செய்தாலும் "இப்போ முடியாது" என்று சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை என் வீட்டில் ஒரு குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் செத்தது. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையெல்லாம் கழுவினேன், ஆனாலும் ஒரு வருடம் குட்டி எடுக்கவில்லை. கிருமிக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். மனசுக்கும் அந்த வருடம் வேண்டியிருந்தது.

அந்த வீடியோவுக்கு இன்றே பதில் போடுங்கள். ராகிக்கு அடுத்த ஊசி எப்போது, மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி போட வேண்டும் என்பதை ஞாபகப்படுத்துங்கள், அது உங்கள் உரிமை. நேரில் போவது மட்டும் இரண்டு மாதம் கழியட்டும். இப்போது போனால் அவள் உங்கள் பின்னாலேயே வாசல்வரை வருவாள். செம்பியைப் பிறகு வாலாஜாவில் ஒரு வாத்தியார் வீட்டுக்குக் கொடுத்தேன். அங்கே அவளை "லட்சுமி" என்று கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். பிரிந்ததைவிட அது எனக்கு வலித்தது.

ராகியை ஆரணியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? மகளை விட்டுக் கேட்கச் சொல்லி, எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா