கராச்சில் மட்டும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் கார்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஓட்டோ கியர். காலையில் திறப்பைத் திருப்பியதும் எடுக்கிறது. திருநெல்வேலிச் சந்தையில் நிறுத்தி மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து திருப்பினால், சில நாட்களில் 'டக்' என்று ஒரேயொரு சத்தம் மட்டும். ஐந்தாறு தரம் திருப்பியபின் ஒன்றும் நடக்காததுபோல எடுத்துவிடும். பற்றரி புதிதாகப் போட்டாயிற்று. கராச்சில் விட்டால் அங்கே ஒரு தரமும் மறுக்கவில்லை. இப்போது எஞ்சினைச் சுற்றி எடுக்கிற ஸ்டார்ட்டர் மோட்டரையே மாற்றச் சொல்கிறார்களாம். மாற்றலாமா என்று கேட்கிறார்.

பொறுங்கள், இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பற்றரிக்குக் கொடுத்த காசு ஏற்கெனவே ஊகத்தில் போய்விட்டது. விட்டு விட்டு வருகிற பிழையை, அது வந்து நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் பிடிக்க முடியும். நீங்களோ அந்த நிமிடத்தில் திறப்பைத் திரும்பத் திரும்பத் திருப்பி அதைக் கலைத்துவிடுகிறீர்கள்.

நீங்கள் சொன்ன அந்த 'டக்' எனக்குப் பெரிய உதவி. ஸ்டார்ட்டர் பக்கமிருந்து அப்படி ஒரு பலத்த சத்தம் வந்தால், திறப்பு, கியர் சுவிட்ச் (கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டருக்கு வழிவிடுவது), ரிலே எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று அர்த்தம். பெரிய கரண்ட்தான் மோட்டருக்குள் போய்ச் சேரவில்லை. தடை பற்றரி முனையிலோ, ஏர்த் வயரிலோ (பற்றரியின் நெகற்றிவ் முனையை எஞ்சினோடு இணைக்கிற வயர்), ஸ்டார்ட்டருக்கு உள்ளேயோ இருக்க வேண்டும்.

அடுத்த தரம் அது மறுக்கும்போது ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தரம் திருப்புங்கள். எதிரே சுவரோ மதிலோ இருந்தால் நல்லது, வெளிச்சம் தெளிவாகத் தெரியும். 'டக்' என்கிறபோது வெளிச்சம் செத்துப்போனால் பற்றரி முனைகளைப் பாருங்கள். கிளிப்பைக் கையால் திருகினால் அசைகிறதா? வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருக்கிறதா? முதலில் நெகற்றிவ் வயரைக் கழற்றி, பிறகு மற்றதையும் கழற்றி, சுடுநீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் உரசி இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள். வெளிச்சம் குறையாமல் அப்படியே இருந்தால் பற்றரியில் குற்றமில்லை. எஞ்சினுக்குப் போகிற ஏர்த்தோ ஸ்டார்ட்டரோதான்.

ஏர்த்தை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை, அது எனக்கு உண்மையில் மனவருத்தம். பண்ணைப் பாலத்தால் தினமும் ஊர்காவற்றுறைக்குப் போய்வந்த ஒரு காருக்கு இரண்டு பற்றரியும் ஒரு ஸ்டார்ட்டரும் மாற்றியபின்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஏர்த் வயரின் நுனியில் சுற்றியிருந்த கறுப்பு ரேப்பை உரித்துப் பார்த்தேன். உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. நாலைந்து இழைதான் மிச்சம். லைற்றுக்கும் ரேடியோவுக்கும் அது போதும், ஸ்டார்ட்டர் கேட்கிற நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்டுக்குப் போதாது. வெட்டிப் புது லக் (வயர் நுனியில் பூட்டுகிற உலோக வளையம்) போட்டேன், அன்றோடு சரி. இரு பக்கமும் கடல் உள்ள வீதியில் ஓடுகிற கார் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வோல்ற் அளக்கிற மீற்றர் இருந்தால் ஊகமே தேவையில்லை. கியர் பார்க்கிங்கில், ஹாண்ட்பிரேக் இழுத்தபடி. சாரமோ தாவணியோ பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் மீற்றரின் சிவப்பு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் கறுப்பை பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.3 வோல்ற்றுக்குள் இருந்தால் ஏர்த் நலம். ஒன்று, இரண்டு என்று ஏறினால் கள்ளன் அகப்பட்டான். அப்புறம் ஸ்டார்ட்டரின் தடித்த வயர் வந்து சேருகிற போல்ற்றிலும் ஸ்டார்ட்டரின் உடம்பிலும் வையுங்கள். 'டக்' என்றும் சுற்றாமலும் இருக்கும்போது 11, 12 வோல்ற் அங்கே நின்றால், பிழை ஸ்டார்ட்டருக்கு உள்ளே.

உங்கள் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் நான் சந்தேகப்படுவது இதைத்தான். டொயோட்டாவில் வருகிற டென்சோ கம்பனி ஸ்டார்ட்டர் மோட்டர்கள் பலவற்றில் இரண்டு சிறு செம்புத் துண்டுகள் உண்டு. ஒவ்வொரு தரமும் ஒரு வட்டத் தகடு வந்து அவற்றை மோதி இணைக்கிறது. மோதி மோதி ஒன்று பிறை போலத் தேய்ந்துவிட்டால் தகடு சில தரம் தொடும், சில தரம் தொடாது. ஐந்தாறு தரம் திருப்ப எடுப்பதன் காரணம் அதுதான். உங்களுடையதும் அந்த வகையென்றால் செம்புத் துண்டு இரண்டையும், தேவைப்பட்டால் தகட்டையும் மட்டும் மாற்றினால் போதும். முழு மோட்டரின் விலையில் சிறு பங்குதான் ஆகும். கழற்றியபோதே, உள்ளே தேய்ந்து குட்டையாகிற கார்பன் பிரஷ்ஷின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றுமுன் பற்றரியின் நெகற்றிவ் வயரை எடுத்தே ஆக வேண்டும், மறக்க வேண்டாம்.

சத்தமே வராத நாளும் இருந்தால் கியரை நியூட்ரலுக்கு மாற்றித் திருப்பிப் பாருங்கள். அதில் எடுத்தால் கியர் சுவிட்ச். எஞ்சின் சுற்றியும் எடுக்காவிட்டால் அது பெற்றோல் பம்ப் அல்லது சென்சர் பக்கத்து வேறு கதை, ஸ்டார்ட்டரைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று. சந்தையில் நின்றால் நாலு பேர் தள்ள வருவார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தொண்ணூறுகளில் தள்ளித் தள்ளியே பழகிய கைகள் அவை. ஆனால் ஓட்டோ கியரைத் தள்ளி எடுக்க முடியாது. எஞ்சின் ஓடாதபோது கியருக்கு ஒயில் அழுத்தம் கிடையாது, சக்கரம் எஞ்சினைத் திருப்பாது. நன்றி சொல்லிவிட்டு, ஹெட்லைற் சோதனையைச் செய்யுங்கள்.

பார்த்ததை ஒரு துண்டில் எழுதிக் கராச்சுக்குக் கொண்டுபோங்கள்: சத்தம் எப்படி, வெளிச்சம் என்ன ஆனது, எஞ்சின் சூடா, மீற்றர் என்ன காட்டியது. ஸ்டார்ட்டரைப் பிரித்தால் பழைய செம்புத் துண்டுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒன்று முழுதாகவும் மற்றது பிறையாகவும் இருந்தால், சந்தையில் உங்களை நிறுத்தி வைத்தது அந்தப் பிறைதான்.