‘எல்லாம் இருக்கிறதே’ என்று நிர்வாகம் சொன்னால் மாணவர் பேரவை என்ன செய்யலாம்?

கேள்வி: கல்லூரி மாணவர் பேரவையில் இருக்கிறேன். மனநல ஆலோசனை, உதவித்தொகை வழிகாட்டல், விடுதி வசதி ஆகியவற்றை மேம்படுத்தும்படி கேட்டால், ‘எல்லாம் இருக்கிறதே’ என்கிறார்கள். பேரவையால் உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

முடியும். தருமபுரியில் படித்த காலத்தில் பேரவையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ‘எல்லாம் இருக்கிறது’ என்பது பெரும்பாலும் உண்மைதான். குழு இருக்கும், பொறுப்பாசிரியர் இருப்பார், அறிவிப்புப் பலகையில் பெயரும் இருக்கும். தேவைப்படும் மாணவரால் அங்கே போய்ச்சேர முடிகிறதா என்பதைத்தான் பேரவை கேட்க வேண்டும்.

எங்கள் கல்லூரிக்கு ஆலோசகர் வாரம் ஒருமுறை மாலை நான்கு மணிக்கு வருவார். பொறுமையாகக் கேட்கிற நல்ல மனிதர். ஆனால் எங்களோடு படித்தவர்களில் பெரும்பகுதியினர் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். கடைசி மணி அடித்ததும் பேருந்து நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிடுவார்கள். சித்தேரி மலைக்குத் திரும்பும் பெண் அரூரில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் வீட்டில் கேள்விமேல் கேள்வி. அவளுக்கு அந்த ஆலோசகர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். போதாக்குறைக்கு அவர் உட்காரும் அறை, ஆசிரியர்கள் ஓய்வறையை ஒட்டி இருந்தது. உள்ளே போகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். பதிவேட்டில் பெயர்கள் குறைவாக இருப்பதைக் காட்டி, ‘மாணவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று நிர்வாகம் முடிவுகட்டியிருந்தது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அரங்கில் கூட்டம் போட்டுக் கேட்டால் யாரும் வாய்திறக்கமாட்டார்கள். வகுப்புப் பிரதிநிதிகள் தங்களோடு பஸ்ஸில் வருபவர்களிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தார்கள். அதில் தெரிந்துகொண்டதை வைத்து இரண்டே விஷயங்கள் கேட்டோம்: ஆலோசகர் மதிய இடைவேளையில் வர வேண்டும், அறை நூலகத்தின் பின்புறம் இருக்க வேண்டும். நேரம் சீக்கிரம் மாறியது. அறைக்கு அடுத்த பருவம்வரை அலைய வேண்டியிருந்தது.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ‘பார்த்துக்கொள்கிறோம், போங்கள்’ என்று அன்பாகத்தான் சொல்வார்கள். முத்திரை விழுந்த பிறகுதான் அது கோப்பில் ஏறும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழு கட்டாயம். அதில் மாணவர் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளராக இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 போன்றவற்றை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பலகை வைக்கப் பெரிய செலவில்லை. அதை முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

உதவித்தொகை விஷயத்தில் பேரவையே நேரடியாக இறங்கலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பல வீடுகளில் அந்தப் பணம் வந்தால்தான் படிப்பு தொடரும். அது பெயர்க் குழப்பத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்: மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. எழுத்தர் ‘சரிசெய்துகொண்டு வா’ என்பார். எதைத் திருத்துவது, எங்கே போவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டிலும் கேட்க ஆளில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவளே அவள்தான். விண்ணப்பக் காலத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வராந்தாவில் மேசை போட்டு, மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மாற வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். நாங்கள் செய்தவற்றில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

விடுதிக்கு வேறு வழி. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகள் அந்தந்தத் துறையின்கீழ் வருபவை. கல்லூரி முதல்வரிடம் எத்தனை மனு கொடுத்தாலும் குழாய் மாறாது. மாவட்ட நல அலுவலரிடம் போக வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். நம் தருமபுரி மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு கொதிக்க வைத்தாலும் போகாது; குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதா என்று பாருங்கள்.

முத்திரை வாங்கிய மனுக்களின் கோப்பை அடுத்த ஆண்டுப் பேரவையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போய்விட்டால் கோரிக்கையும் போய்விடும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் விடுதி எந்தத் துறையின்கீழ் வருகிறது என்று எழுதுங்கள். மனுவை யார் பெயருக்கு எழுதுவது என்று சொல்கிறேன்.