4 ஏக்கர், மரங்கள், குளத்துச் சரிவு: எந்த ஜீரோ டர்ன்?

4 ஏக்கர் புல்வெளி, ஆங்காங்கே மரங்கள், பின்பக்கம் குளத்தை நோக்கி இறங்கும் சரிவு. இதற்கு ஜீரோ டர்ன் (நின்ற இடத்திலேயே திரும்பும், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) வாங்கும்போது 60 அங்குல டெக் (கத்திகள் சுழலும் அடிப்பெட்டி, இதன் அகலம்தான் வெட்டும் அகலம்) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் சரிவை அளந்துவிடுங்கள். நேரான பலகையைச் சரிவின்மேல் மேலிருந்து கீழாகப் படுக்க வைத்து, மேலே கைபேசியின் சாய்வுமானியை வைத்தால் போதும்.

பெரும்பாலான ஜீரோ டர்ன் கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்கின்றன. காரணம் எளிது: முன்சக்கரங்கள் தாமாகச் சுழல்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் அவை வழுக்கினால் வண்டி நேரே குளத்துக்குத்தான் போகும். அதனால் சரிவு குறைவாகவே இருந்தாலும் கரையோரத்தைக் கையால் தள்ளும் இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள். கவிழ்ந்தால் காக்கும் வளைவுச் சட்டம் உள்ள மாடலாக வாங்குங்கள். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம்.

சரி, டெக். எனக்கென்றால் 54 அங்குலம் போதும். மணிக்கு 5 மைல் வேகத்தில் அது கணக்குப்படி மணிக்கு 2.7 ஏக்கர் வெட்டும். திரும்பும் நேரத்தையும், ஒரு வரிசை அடுத்ததன்மேல் படிவதையும் கழித்தால் 2 ஏக்கர் சொச்சம். 60க்குப் போனால் மொத்த வேலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் மிச்சம். மேடுபள்ளத்தில் அகன்ற டெக் மண்ணைச் சீவிவிடும் தொல்லை வேறு. கேட் அகலத்தையும் பாருங்கள், வெட்டிய புல் வெளியேறும் வாய் டெக்குக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

குதிரைத்திறனுக்குச் செலவழிப்பதைவிட, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றக்கூடிய ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனுக்குச் (எஞ்சின் விசையை எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் அமைப்பு) செலவழியுங்கள்.