சனி, ஞாயிறு, ஒரு மாத டிக்கெட்

கோடை வகுப்புக்காக ஐரோப்பா போகும் பிள்ளைகள் வார விடுமுறையில் குறைந்த செலவில் ஊர் பார்ப்பது பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழில் அவற்றுக்கான பதில்கள்.

என் மகள் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மியூனிக்கில் பல்கலைக்கழகக் கோடை வகுப்பில் படிக்கப் போகிறாள். வகுப்புக் கட்டணமும் தங்குமிடமும் கட்டியாகிவிட்டது. ஊர் சுற்ற மாதம் 150 யூரோவுக்கு மேல் எங்களால் அனுப்ப முடியாது. அதில் என்ன பார்க்க முடியும்?
வாசகி, அஸ்தம்பட்டி

நிறையவே பார்க்கலாம், தூரத்து நகரங்களுக்கு ஆசைப்படாமல் இருந்தால். முதல் வேலையாக அந்த 150-இல் 63 யூரோவை டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த மாதச் சீட்டு இது. 2025-இல் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63 ஆகியிருக்கிறது. ஜெர்மனி முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, எஸ்-பான் என்ற புறநகர் ரயில், ஊர்விட்டு ஊர் போகும் ஆர்.பி., ஆர்.இ. ரயில்கள் எல்லாவற்றிலும் இது செல்லும். தினமும் வகுப்புக்குப் போய்வரும் செலவும் இதிலேயே அடங்கிவிடுகிறது. ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்ற விரைவு ரயில்களில் செல்லாது. சேலம் ஜங்ஷனில் பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வந்தே பாரத்தில் ஏற முடியாதல்லவா, அதே கணக்குதான். டிக்கெட் இல்லாமலோ செல்லாத டிக்கெட்டோடோ பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ அபராதம்.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனம். சீட்டு மாதத்தின் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை செல்லுபடியாகும். மே 29-ஆம் தேதி போய் இறங்குபவர் அவசரப்பட்டு மே மாதச் சீட்டு வாங்கினால் மூன்று நாளுக்கு முழுப் பணம் போய்விடலாம். இரண்டாவது, பல விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். நம் ஊர் கார்டை ஏற்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்க வேண்டும். மூன்றாவதுதான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். இது சந்தா. நாம் நிறுத்தாதவரை மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஜூலையோடு முடிக்க வேண்டுமென்றால் ஜூலை 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11-ஆம் தேதி நினைவு வந்தால் ஆகஸ்டுக்கும் 63 யூரோ கட்டியாக வேண்டும்.

இனி ஊர்கள். மியூனிக்கிலிருந்து இந்தச் சீட்டோடு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போகலாம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எல்லை தாண்டியும் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை சீட்டு செல்லும் என்பதுதான் இதில் விசேஷம். ரேகன்ஸ்பர்க் ஒன்றரை மணி, நியூரம்பெர்க் இரண்டு மணிக்குள், மலையடிவார கார்மிஷ் ஒன்றரை மணி. டாக்கௌ நாஜி வதைமுகாம் நினைவிடத்துக்கு எஸ்-பானிலும் அங்கிருந்து டவுன் பஸ்ஸிலும் போகலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஃபூசன் வரை இரண்டு மணி நேர ரயில், அங்கிருந்து பஸ். கோட்டையை வெளியிலிருந்தும் மரியன் பாலத்திலிருந்தும் பார்க்கக் காசு வேண்டாம். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் முன்பே வாங்க வேண்டும். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் அந்த டிக்கெட் வீண். அடிவாரத்திலிருந்து மேலே நடக்க அரை மணிக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் தவறவிடுகிறார்கள்.

ரயிலில் ஒரு சிக்கல் உண்டு. டேகர்ன்சே ஏரிக்குப் போகும் வண்டி மியூனிக்கில் ஒரே ரயிலாகக் கிளம்பும். வழியில் ஹோல்ஸ்கிர்கன், ஷாஃப்ட்லாக் ஸ்டேஷன்களில் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு ஊருக்குப் போகும். தவறான பெட்டியில் உட்கார்ந்தால் ஏரிக்குப் பதிலாக வேறு மலை ஊரில் போய் இறங்க வேண்டியதுதான். பெட்டியின் வெளிப்புறத்தில் எரியும் எழுத்தில் கடைசி ஊரின் பெயர் இருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலைப் பார்க்காமல் அந்தப் பெயரைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள். இன்னொன்று, கோடையில்தான் தண்டவாள வேலை அதிகம் நடக்கும். நேர அட்டவணையில் எஸ்.இ.வி. என்று இருந்தால் அந்தப் பகுதியில் ரயிலுக்குப் பதில் பஸ் என்று பொருள், நேரமும் கூடும். முந்தின இரவே ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நேவிகேட்டர் செயலியில் பார்த்துவிட வேண்டும். 'டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் வண்டிகள் மட்டும்' என்று வடிகட்டும் வசதியும் அதில் இருக்கிறது.

மிச்சம் 87 யூரோ. மூன்று வாரம் காலையில் போய் இரவில் திரும்புவது, ஒரு வாரம் மட்டும் ஓர் இரவு வெளியே தங்குவது என்று பிரித்துக்கொண்டால் போதும். ஜூனில் அங்கே இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஒரு நாள் பயணத்திலேயே நிறைய நேரம் கிடைக்கும்.

பாரிசுக்கு 15 யூரோவில் விமான டிக்கெட் விளம்பரம் பார்த்தேன். உண்மையா?
கல்லூரி மாணவர், ஓமலூர்

டிக்கெட் விலை உண்மைதான் தம்பி, பயணத்தின் விலை அது இல்லை. மலிவு விமானங்கள் 'பாரிஸ்' என்று போட்டு இறக்கிவிடும் பொவே விமான நிலையம் பாரிசிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குள் போக ஒருவழி பஸ்ஸுக்கே 15 யூரோவுக்கு மேல் ஆகும், ஒன்றேகால் மணி நேரமும் போகும். 'மியூனிக் வெஸ்ட்' எனப்படும் மெம்மிங்கன் விமான நிலையமும் மியூனிக்கிலிருந்து 110 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. 'பிராங்க்பர்ட் ஹான்' பிராங்க்பர்ட்டிலிருந்து அதைவிடத் தூரம். போகும் பஸ், வரும் பஸ், அதிகாலை விமானமென்றால் முந்தின இரவுத் தங்கல், இவ்வளவையும் கூட்டிய பிறகுதான் 15 யூரோவை மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

அடுத்தது பை. இலவசமாக அனுமதிப்பது இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டுமே. பல நிறுவனங்களில் 40-க்கு 30-க்கு 20 சென்டிமீட்டர் அளவு. நம் காலேஜ் பை கொஞ்சம் உப்பினாலும் இந்த அளவைத் தாண்டிவிடும், கேட்டில் நிறுத்தி டிக்கெட்டைப்போலப் பல மடங்கு வாங்கிவிடுவார்கள். வீட்டிலேயே டேப் வைத்து, பை நிறைந்திருக்கும்போது அளந்து பாருங்கள். செக்-இன் ஆன்லைனில் செய்துவிட வேண்டும். விமான நிலையத்தில் செய்தால் ரயன்ஏர் என்ற மலிவு விமான நிறுவனம் 55 யூரோ வரை வாங்குகிறது. இந்திய பாஸ்போர்ட்காரர்களின் விசாவைத் தனியே சரிபார்ப்பார்கள். பாதுகாப்புச் சோதனைக்குப் போவதற்கு முன் கவுண்டரில் அதை முடிக்க வேண்டுமா என்று போர்டிங் பாஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும், ஆனால் டிக்கெட் போடும் பக்கம் அதைக் கேட்டு அடம்பிடிக்கும். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சிலவற்றுக்கு வேறு முறை. அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். நீங்களாக அப்பா பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். பிறகு பெயர் திருத்தக் கட்டணம் டிக்கெட்டைத் தாண்டிவிடும்.

மகனின் விசா ஜெர்மனிக்குத்தான். வேறு நாட்டுக்குப் போனால் பிடித்துவிடுவார்களா? லண்டனும் பார்க்க ஆசைப்படுகிறான்.
வாசகர், ஆத்தூர்

ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) 29 நாடுகளுக்கும் போகலாம். பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா, செக், சுவிட்சர்லாந்து எல்லாம் அதில் சேர்த்தி. பிரிட்டனும் அயர்லாந்தும் சேராது, லண்டனுக்குத் தனி விசா வேண்டும்.

விசா ஸ்டிக்கரில் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 01 என்று இருந்தால், ஷெங்கனுக்குள் எங்கே சுற்றினாலும் பிரச்சினை இல்லை. வெளியே காலை வைத்தால் மறுபடி உள்ளே வர முடியாது. பிரிட்டிஷ் விசா கையில் இருந்தாலும் லண்டன் போய்விட்டு மியூனிக் வகுப்புக்குத் திரும்ப வழி இல்லாமல் போய்விடும். எம்.யு.எல்.டி. என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் பலமுறை போய்வரலாம். இரண்டாவது கட்டம் தங்கும் நாட்கள். விசா செல்லும் தேதிகள் வேறு, அதற்குள் தங்க அனுமதித்த நாட்கள் வேறு. இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும்.

பாஸ்போர்ட் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஜெராக்ஸும் போன் படமும் போதாது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் ரயிலில் ஃப்ரைலாசிங் ஸ்டேஷனில் போலீஸ் ஏறிக் கேட்பது சாதாரணம்.

சுவிட்சர்லாந்துக்கு விசா தடை இல்லை, ஆனால் போன் கட்டணம் சுடும். ஜெர்மன் சிம்முக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை. அந்த விதி சுவிட்சர்லாந்தைக் கட்டுப்படுத்தாது. எல்லையைத் தொடுமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

யூரெயில் பாஸ் வாங்கலாமா?
மாணவி, அம்மாப்பேட்டை

யூரெயில் என்பது பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் ஒரே பாஸ். வார விடுமுறைக்கு மட்டும் என்றால் வேண்டாம். படிப்பு முடிந்து தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் பல நாடுகளைச் சுற்றுபவர்களுக்கு அது பயன்படும், 27 வயது வரை சலுகையும் உண்டு. பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நான்கைந்து தோழிகள் சேர்ந்து ஒரே ஒரு நாள் போவதாக இருந்தால் பயர்ன் டிக்கெட் மலிவு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை பவேரியா மாநிலம் முழுக்கப் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு, சனி ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே.

ஏற்காட்டில் மலையேறிப் பழகியவன். ஆல்ப்ஸில் செலவில்லாமல் ஏற முடியுமா?
மாணவர், ஏற்காடு

முடியும். அங்கே பாதையில் நடக்கக் கட்டணம் இல்லை, காசு பிடுங்குவது கேபிள் கார்தான். ஜெர்மனியின் உயர்ந்த சிகரமான சுக்ஷ்பிட்ஸ (2,962 மீட்டர்) மேலே கேபிளில் போய்வர 60 யூரோவைத் தாண்டும். அதற்குப் பதில் அதே சிகரத்தின் அடியில் இருக்கும் ஐப்சே ஏரியைச் சுற்றி நடக்கலாம். ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், இரண்டு மணி நேரம், ஏற்றம் குறைவு. முதல் வாரத்துக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இருக்காது, நடக்க ஆகும் நேரம்தான் இருக்கும். நீலப் புள்ளி எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு என்றால் இரும்புக் கயிற்றைப் பிடித்து ஏறும் இடங்கள் வரலாம். கறுப்பைத் தொடாதீர்கள். ஏற்காட்டில் 1,500 மீட்டரில் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி வளர்கிறது. அங்கே 1,800 மீட்டர் தாண்டினால் மரமே நின்றுவிடும், ஒதுங்க இடம் இருக்காது. கோடையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், அதனால் விடியலில் கிளம்பி இரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஜூன் மாதத்தில் உயரமான சரிவுகளில் பனி மிச்சமிருக்கும், கேன்வாஸ் ஷூ வழுக்கும். மலைக் குடிசைகளில் பல இடங்களில் ரொக்கம்தான் எடுபடும், 20 யூரோ சில்லறையாக இருக்கட்டும். அவசர எண் 112. ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் கேட்பார்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் மலை மீட்பு அடங்குமா என்று புறப்படும் முன்பே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பேத்திக்கு நெய், மாம்பழம் எல்லாம் கொடுத்தனுப்பலாமா? வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்கிறாள்.
வாசகி, சூரமங்கலம்

நெய் கூடாதம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பால்கோவாவுக்கும் அதே விதிதான். மல்கோவாவும் இமாம்பசந்தும் சரியாக அவர்கள் கிளம்பும் நேரத்தில்தான் பழுக்கின்றன. ஆனால் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பழத்தை அனுமதிக்க மாட்டார்கள், பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதுவே. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சலுக்கான பொடி, ஜவ்வரிசி வடாம், ஏற்காட்டுக் காப்பித்தூள் தாராளமாகப் போகலாம். ஊறுகாய், தொக்கு திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள்.

பயண நாளில் காசு கரைவது ஸ்டேஷன் சாண்ட்விச்சிலும் தண்ணீர் பாட்டிலிலும்தான். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் அதில் சேர்ந்திருக்கும், காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மியூனிக்கில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடும், ஞாயிறு முழுக்க அடைப்பு. சனிக்கிழமை மாலையே ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஹாஸ்டல் பதிவு செய்யும்போது எதைப் பார்ப்பது? கார்டில் பணம் கட்டும்போது ரூபாயா, யூரோவா?
மாணவர், மேட்டூர்

டார்மில் (பலர் சேர்ந்து தங்கும் பொது அறை) ஒரு படுக்கை கோடையில் 30 முதல் 50 யூரோ வரை போகும். சனி இரவுக்குத்தான் கிராக்கி, மூன்று நான்கு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். விலையைப் பார்த்ததும் முடிவெடுக்காமல் கீழே இருக்கும் விதிகளைப் படியுங்கள். நகர வரி சேர்ந்திருக்கிறதா, படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் தனிக் காசா, இரவு எத்தனை மணி வரை வரவேற்பில் ஆள் இருப்பார், சமையலறை உண்டா. லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. சின்னப் பூட்டு ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நம் இரண்டு முள் சார்ஜர் அங்கே பொருந்திவிடும், மூன்று முள்ளுக்குத்தான் அடாப்டர் தேவை.

கார்டு இயந்திரமோ ஏ.டி.எம்மோ 'ரூபாயில் கட்டவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்வார்.