அப்பா இல்லை, செமஸ்டர் கட்டணத்துக்கு வழி இல்லை: படிப்பை நிறுத்தாமல் என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 49. அம்மா வேலைக்குப் போனதில்லை. கட்டணம் கட்ட இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஒரு வருடம் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா? இல்லை, மொபைல் ஆப்பில் கடன் வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். ஒரு வருடம் என்று சொல்லி நிறுத்தியவர்களில் பலர் திரும்பி வந்ததே இல்லை. கடன் ஆப்களோ கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். தவணை தவறினால் உங்கள் போனில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்கள்.

நாளைக்கே முதல்வரைப் பாருங்கள். வாயால் சொன்னால் போதாது, கடிதமாகக் கொடுங்கள். நடந்ததை நான்கு வரியில் எழுதி, கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு இன்னொரு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். தந்தையை இழந்த மாணவர்களுக்குச் சலுகை தரும் நிர்வாகங்கள் உண்டு. ஆனால் அதை நோட்டீஸ் போர்டில் போட மாட்டார்கள், கேட்டால்தான் தெரியும். தேர்வுக் கட்டணம் தனி. கையில் இருக்கும் முதல் பணத்தில் அதைக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் வெளியே உதவி தேடும் முன், அப்பாவின் பேங்க் பாஸ்புக்கை எடுத்து என்ட்ரி போட்டு வாருங்கள். மே கடைசி, ஜூன் பக்கத்தை மட்டும் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருக்கிறதா? என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவியின் வீட்டில், ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் கிடந்த பாஸ்புக்கில் அந்த ஒரு வரி இருந்தது. ஏதோ பேங்க் பிடித்தம் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஒரு வருடப் பிரீமியம். 55 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் மட்டும் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குப் பொருந்தாது. 436 இருந்தால் அதே கிளையில் கிளெய்ம் படிவம் கேளுங்கள். 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. நாள் தாண்டியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து கம்பெனி. அப்பாவுக்கு பிஎஃப் பிடித்தார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடித்திருந்தால் சேர்ந்திருக்கும் பணம் மட்டுமில்லை, இடிஎல்ஐ என்ற காப்பீடும் உண்டு. தொழிலாளி இதற்குத் தனியாக ஒரு பைசா கட்டுவதில்லை, அதனால்தான் பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இறக்கும் வரை 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். அம்மாவுக்கு மாத ஓய்வூதியமும், உங்களுக்கு 25 வயது வரை பிள்ளைகளுக்கான ஓய்வூதியமும் அதே பிஎஃப் அலுவலகத்தில்தான். மாதத் தொகை சிறியதாக இருக்கலாம், ஆனாலும் விண்ணப்பியுங்கள். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு.

இவையெல்லாம் கைக்கு வர வாரங்கள் ஆகும். அதற்குள் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கும் புதிய வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பழைய சான்றிதழில் இருப்பது அப்பாவின் சம்பளம், இன்று அந்த வருமானம் இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். முன்பு வரம்பைத் தாண்டியதால் விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால், இப்போது தகுதி வந்திருக்கலாம். கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேளுங்கள்.

கல்விக் கடனை முதலாம் ஆண்டில்தான் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மூன்றாம் ஆண்டிலும் கேட்கலாம். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிட்டு, அப்பாவின் கணக்கு இருந்த அரசு வங்கியிலேயே மேலாளரைப் பாருங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, அம்மா இணைக் கடனாளியாக இருந்தால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அதுவரையான வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டா என்றும் கேளுங்கள். அது கல்லூரியின் அங்கீகாரத்தைப் பொறுத்தது.

மேலாளர் இழுத்தடித்தால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். கட்டணப் பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைப்பதாக இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 அறிவிப்பின்படி கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது.

பேங்குக்கும் பிஎஃப் அலுவலகத்துக்கும் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் நாமினி அவர்தான், கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் அவருக்கு வெளியே வரத் தயக்கம் இருக்கும். முதல் நாள் அத்தையோ சித்தியோ யாராவது கூட இருக்கட்டும்.