முதல் வண்டியே ஓட்டை வண்டியா? – வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழில், கார் ரேஸ் சிமுலேட்டர்களைத் தனியாக உட்கார்ந்து ஆடுகிறவனைக் கூலி ஆள் மாதிரி நடத்துகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் பாதிக்கு மேல் நம்ம டெல்டா பக்கத்திலிருந்து. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று கேட்கிற ஊர்களில் இத்தனை பேர் ராத்திரி இரண்டு மணி வரை ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கே செய்திதான். சிமுலேட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: டயரின் பிடிப்பு, வண்டியின் எடை, பிரேக் அடித்தால் மூக்கு அமுங்குவது எல்லாம் நிஜ வண்டி போலவே கணக்குப் போட்டுக் காட்டுகிற கேம். பட்டனை அழுத்தினால் பறக்கிற கேம் வேறு, இது வேறு.

எந்த ரேஸ் கேமை எடுத்தாலும் டிரெய்லரில் ஃபெராரி, உள்ளே போனால் கையில் கொடுப்பது மளிகை வாங்கப் போகிற கார். முழு விலை கொடுத்த எனக்கு ஏன் எல்லா வண்டியும் முதல் நாளே தரக்கூடாது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

தம்பி, நீங்கள் சைக்கிள் கற்றது எப்படி? எங்கள் காலத்தில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல். சீட்டில் உட்கார ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தில்தான் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று உடம்புக்குத் தெரிந்தது.

இந்த வழக்கத்தை ரேஸ் கேம்களில் ஊன்றிவிட்டது 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் கிரான் டூரிஸ்மோ. கையில் 10,000 கிரெடிட் (கேமுக்குள் மட்டும் செல்லுகிற காசு) கொடுத்து, போய்ப் பழைய கார் வாங்கிக்கொள் என்று விட்டுவிடுவார்கள். பெரிய ரேஸ்களுக்கு லைசென்ஸ் வேண்டும். அதற்குச் சோதனைகள், நம்ம ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போடச் சொல்வது போல. 2022ல் வந்த ஏழாவது கிரான் டூரிஸ்மோவிலும் அதே கதைதான்: டொயோட்டா அக்வா, மாஸ்டா டெமியோ, ஹோண்டா ஃபிட் மூன்றில் ஒன்று. இந்த ஃபிட் வேறு யாருமில்லை, நம்ம ஊரில் ஜாஸ் என்ற பெயரில் ஓடினதேதான்.

சும்மா இழுத்தடிக்க இதைச் செய்கிறார்கள் என்று நானும் நினைத்தேன், ஃபிட்டை ஒரு வாரம் ஒழுங்காக ஓட்டிப் பார்க்கிற வரைக்கும். சக்தி குறைந்த வண்டியில், வளைவுக்குள் கொஞ்சம் லேட்டாகப் பிரேக் அடித்தீர்கள் என்றால் முன் டயர் திணறி வண்டி வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அங்கே போன வேகத்தை நேர்ரோட்டில் திரும்பப் பிடிக்க எஞ்சினில் தெம்பு இருக்காது, அடுத்த வளைவு வரைக்கும் அந்தத் தப்பு கூடவே வரும். 600 குதிரைத்திறன் வண்டியில் அதே தப்பைச் செய்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தப்பு மறைந்துபோகும், அவ்வளவுதான், சரியாகாது. சின்ன வண்டி பொய் சொல்லாது.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தனி ஆட்டத்தில் பூட்டி வைக்கட்டும், அது பாடம். நண்பன் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆட மட்டும் எல்லா வண்டியும் திறந்து கிடக்கட்டும். இரண்டையும் ஒரே பூட்டில் போடுவதுதான் தப்பு.

பேரன் 'கஃபேக்குப் போய் மெனு புக் வாங்கணும் தாத்தா' என்கிறான். ரேஸ் கேமில் ஹோட்டல் எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

ஐயா, அது கிரான் டூரிஸ்மோ 7ல் இருக்கும் ஏற்பாடு. கஃபே உரிமையாளர் ஒரு மெனு புத்தகம் கொடுப்பார், அதில் பெரும்பாலும் மூன்று கார் இருக்கும், குறிப்பிட்ட ரேஸ்களில் ஜெயித்து அந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு வந்தால் அந்தக் கார்களின் வரலாற்றைச் சொல்லிவிட்டு அடுத்த புத்தகம். வெளிவந்தபோது இப்படி 39 புத்தகம், 39வது முடிந்தால் கதை முடிந்தது மாதிரி.

உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், அப்புறம்தான் கீர்த்தனை. அந்த வரிசையில் ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் கற்றதன் மேல் ஏறி நிற்கிறது. கஃபேயில் வரிசை இருக்கிறது, ஏற்றம்தான் குறைவு. கல்யாணப் பந்தி மாதிரி, இலையில் எது விழுகிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். சாம்பார் முடிக்காமல் பாயசம் கேட்கமுடியாது. கார்களின் வரலாறு சொல்கிற இடங்கள் மட்டும் எனக்குப் பிடிக்கும், நீங்களும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அதைவிடப் பெரிய குறை ரேஸின் அமைப்பில் இருக்கிறது. பல ரேஸ்களில் நீங்கள் கடைசி ஆளாக, வண்டிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது ஆரம்பிக்கிறீர்கள். முதல் வண்டி எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருக்கும். சில லேப்புக்குள், அதாவது சில சுற்றுக்குள், எல்லோரையும் தாண்டி அவனைப் பிடிக்கவேண்டும். இது ரேஸ் இல்லை, துரத்தல். பக்கத்தில் பக்கமாக இரண்டு பேர் ஒரே வளைவுக்குச் சண்டை போடுவதுதானே ரேஸ்? இத்தனைக்கும் சோனியின் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய சோஃபி என்கிற செயற்கை நுண்ணறிவு ஓட்டுநர், இதற்கு முந்தைய கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் தலைசிறந்த மனித ஆட்டக்காரர்களையே தோற்கடித்து 2022 பிப்ரவரியில் நேச்சர் இதழின் அட்டையில் வந்தது. 2023 நவம்பரில் ஏழாவது கேமுக்குள்ளும் அதை நிரந்தரமாகக் கொண்டுவந்தார்கள், ஆனால் சில டிராக்குகளில், தனி ரேஸாக. மெனு புத்தக ரேஸ்களில் பழைய ஆட்கள்தான். வீட்டில் நல்ல தவில்காரரை வைத்துக்கொண்டு கச்சேரிக்கு ரேடியோ போடுகிற கதை.

ஒரே ரேஸைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காசு சேர்க்கிறேன். கை தானாக ஓட்டுகிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. இது விளையாட்டா, வேலையா?
– ஜவுளிக்கடை ஊழியர், கும்பகோணம்

வேலைதான். அதிலும் களை பறிக்கிற வேலை.

சரி, கொஞ்சம் கணக்குப் போடுவோம். கிரான் டூரிஸ்மோ 7ல் புகழ்பெற்ற பழைய ரேஸ் கார்களின் விலை 2 கோடி கிரெடிட் வரைக்கும் போகிறது. ஒரு ரேஸுக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 40 தடவை. தடவைக்கு அரை மணி என்றால் 20 மணி நேரம். ஒரே ஒரு காருக்கு! காசு கொடுத்தும் கிரெடிட் வாங்கலாம், 20 லட்சம் கிரெடிட்டுக்கு 20 டாலர் என்று வைத்திருந்தார்கள், அப்படியானால் அந்தக் கார் 200 டாலர். கேமின் விலையைப் போல மூன்று மடங்கு.

இதில் 2022 மார்ச்சில் ஒரு கூத்து நடந்தது. கேம் வந்து இரண்டு வாரத்தில் ஒரு அப்டேட், அதில் கோளாறாகி சர்வர் 30 மணி நேரத்துக்கும் மேல் படுத்துவிட்டது. எழுந்து வந்தபோது பார்த்தால், நிறைய ரேஸ்களின் பரிசுத் தொகையைக் குறைத்திருந்தார்கள். உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். தயாரிப்பாளர் கசுனோரி யமவுச்சி மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட் கொடுத்தார், ஏப்ரல் அப்டேட்டில் பரிசுகளை ஏற்றவும் செய்தார்கள்.

என் வாதம் தொகையைப் பற்றியதே இல்லை. கூலியை ஏற்றினாலும் கூலி கூலிதான். நாற்பதாவது தடவை அந்த ரேஸை ஓட்டும்போது முப்பத்தொன்பதாவதைவிட நீங்கள் நன்றாக ஓட்டினீர்களா? இல்லையென்றால் ஏறினது கிரெடிட் மட்டும்தான். கை தானாக ஓட்டுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் காரை மறந்துவிடுங்கள், ஒரு மாசம் கழித்து அது இல்லாமலே நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள். கடையில் ஆடித் தள்ளுபடி நேரத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வீட்டிலும் கூலி வேலையா பார்ப்பார்கள்?

பையன் கேமில் கிரெடிட் வாங்க என் கார்டு நம்பர் கேட்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு தாய், மயிலாடுதுறை

கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி கன்சோலில் வைக்கலாம். அதை வைத்துவிட்டுப் பாஸ்வேர்டைப் பையன் பிறந்த தேதியாக வைக்காதீர்கள்.

ஃபோர்ஸாவில் ஒவ்வொரு காருக்கும் தனித்தனி லெவலாமே? எதற்கு?
– நாகப்பட்டினம் வாசகர்

2023 அக்டோபரில் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் என்கிற ரேஸ் கேமில் ஒவ்வொரு காரும் 50 லெவல் வரை ஏறும். ஓட்ட ஓட்டத்தான் அந்தக் காருக்கான பாகங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரு காரோடு பழகட்டும் என்ற எண்ணம் நல்லதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த காருக்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து. மெக்கானிக் கடைக்குக் காசோடு போய் நல்ல டயர் போடுங்கள் என்றால், 'உங்க வண்டி இன்னும் வயசுக்கு வரலையே' என்கிற மாதிரி. ஆட்டக்காரர்கள் விடாமல் முனகியதில் 2024 மார்ச்சில் மாற்றினார்கள், லெவல் எதுவானாலும் கிரெடிட் கொடுத்துப் பாகம் வாங்கலாம் என்று. இப்போது வாங்குகிறவர் பழைய புலம்பல்களைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

மழை பெய்தால் எங்கள் பக்கம் நெட் போய்விடும். நெட் இல்லாமல் தனியாக ஆட முடியாத கேமை வாங்குவது புத்திசாலித்தனமா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

இல்லை. கிரான் டூரிஸ்மோ 7ல் தனி ஆட்டத்துக்கே நெட் வேண்டும், இல்லையென்றால் ஆர்கேட் மாதிரி சும்மா ஓட்டிப் பார்க்கிற ரேஸ் கொஞ்சம்தான் மிஞ்சும். இதில் ஒரு பயமும் உண்டு: சர்வரை மூடிவிட்டால் சேர்த்ததெல்லாம் என்ன ஆகும்? இதற்கு முந்தைய கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வரை 2024 ஜனவரி 31 அன்று நிறுத்தினார்கள். அதற்கு முன்னால், நெட் இல்லாமலே தனி ஆட்டம் ஓடும்படி ஒரு அப்டேட் கொடுத்துவிட்டுப் போனார்கள், அந்த மரியாதைக்குப் பாராட்டலாம். ஏழாவதுக்கும் செய்வார்கள் என்று நம்பி வாங்குவது உங்கள் இஷ்டம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும், நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அசெட்டோ கோர்சா ஆடுகிறேன். எல்லாக் காரும் முதல் நாளே திறந்து கிடக்கிறது, ஒரு மாசத்தில் எதை ஓட்டுவதென்றே தெரியாமல் நிற்கிறேன். மன்னார்குடித் தம்பி கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்தும் சந்தோஷம் இல்லையே!
– டிராக்டர் மெக்கானிக், பட்டுக்கோட்டை

(அண்ணே, நீங்கள் மன்னார்குடித் தம்பியின் நண்பர் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது, இரண்டு கடிதமும் ஒரே கவரில்தானே வந்தது.)

இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2014ல் வெளியிட்ட கேம் அது. அதில் கேரியர் என்று, படிப்படியாக ஏறுகிற தனி ஆட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பேருக்கு. வண்டி ஓட்டுகிற உணர்வில் உயிரைக் கொடுத்தவர்கள், படிக்கட்டு கட்ட நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள். ஆக, படிக்கட்டை நாமேதான் கட்டவேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. மாசத்துக்கு ஒரு கார், ஒரு டிராக். ரேக்ளாவில் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரித்து ஓட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி மூன்று வகுப்பு நானே வைத்துக்கொண்டேன். அடுத்த வகுப்புக்குப் போக ஒரே நிபந்தனை: ஐந்து லேப் தொடர்ந்து ஓட்டவேண்டும், ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் அரை விநாடிக்குள் இருக்கவேண்டும், ஒரு சக்கரம்கூட டிராக்கை விட்டு முழுசாக வெளியே போகக்கூடாது. வேகமான லேப் வேண்டாம், ஒரே மாதிரியான லேப் வேண்டும். எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. சின்ன மாட்டு வகுப்பைத் தாண்ட எனக்கு ஏழு வாரம் ஆனது. நாலு லேப் சரியாக வந்து ஐந்தாவதில் கை நடுங்கும், அந்த நடுக்கத்தை எந்த கிரெடிட்டும் எனக்குக் கொடுத்ததில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃப டிராக்கை இன்னும் தொடவில்லை. ஒரு சுற்றே 20.8 கிலோமீட்டர், உங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் அதற்குள் ரெண்டு மூன்று ஊர் தாண்டிவிடலாம்.

ஐரேஸிங் என்கிற சிமுலேட்டரில் இதே புத்தியைத்தான் வேறு விதமாக வைத்திருக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் ஆன்லைனில் மனிதர்களோடு. ரூக்கியில் ஆரம்பித்து டி, சி, பி, ஏ என்று லைசென்ஸ் ஏறும், ஜெயித்ததற்காக இல்லை, இடிக்காமல் சுத்தமாக ஓட்டியதற்காக. டிராக்கை விட்டு இறங்கினால் ஒரு புள்ளி, இன்னொருவரை நன்றாக இடித்தால் நாலு. இந்தக் கணக்கைத் தனி ஆட்டத்தின் மையமாக வைத்து ஒரு கேம் வந்தால் முதல் நாளே வரிசையில் நிற்பேன்.

நிஜ ரேஸிலும் இப்படிப் படிப்படியாகத்தான் போகவேண்டுமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

ஆமாம் அம்மா. கோயம்புத்தூர் ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதி என்கிற தொடக்கப் படி ரேஸில் ஆரம்பித்தவர். 1996ல் ஃபார்முலா ஆசியா பட்டம், அப்புறம் பிரிட்டனில் ஃபார்முலா 3, 2005ல்தான் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1. அங்கே ஒவ்வொரு படிக்கும் திறமையோடு ஸ்பான்சரும் வேண்டும், நாற்பது தடவை ஓட்டிச் சேர்க்கிற காசு இல்லை அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, ரேஸ் நடக்கும்போது அப்பாவோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள். பரீட்சை முடிந்தபிறகு.

இவ்வளவு பேசுகிறீர்களே, கிரான் டூரிஸ்மோ லைசென்ஸ் சோதனை எல்லாவற்றிலும் தங்கம் வாங்கிவிட்டீர்களா?
– தஞ்சாவூர் வாசகர்

சூப்பர் லைசென்ஸில் இரண்டு வெண்கலம் இன்னும் இருக்கிறது. அடுத்த இதழில் வேறு கேள்வி கேளுங்கள்.